பிறர் பொருட்டு ஒரு வேண்டுதல்

நெடும்பயணம் முடித்துத் திரும்பும் ஒருவன், ஊருக்குள்ளிருந்து அழுகுரல் எழக் கேட்கிறான். அக்குரல் தன் இல்லத்திலிருந்து வந்ததாக இருத்தலாகாது என்று அவன் இறைவனை வேண்டலாமா? கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற யூதர்தம் சட்டநூலாகிய மிஷ்னா, வேண்டலாகாது என்கிறது. நிகழ்ந்துவிட்ட ஒன்றை மாற்றுமாறு கேட்பது வீண் வேண்டுதல் என்பதே அந்நூல் காட்டும் காரணம். ஆயினும் சற்றே எண்ணிப் பார்ப்பின், அத்துயரம் தன் வீட்டினுடையதன்று எனில் அயலான் வீட்டினுடையதாதல் வேண்டும் அன்றோ? தனக்கென வேண்டுவோன் தன்னையறியாமலே பிறனுக்குத் தீங்கு வேண்டிவிடக் கூடும்.

எருசலேம் கோயில் கி.பி. 70-இல் அழிவதற்கு முன்னர், ஆண்டுக்கொரு முறை யோம் கிப்பூர் நாளில் தலைமைக் குரு மூலத்தானத்தினின்று வெளிவந்து சிறியதொரு வேண்டுதல் புரிவார். நாட்டிற்கு மழை கேட்கும் அவ்வேண்டுதலில், மழை பெய்யலாகாது என்று கேட்கும் வழிப்போக்கரின் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டாம் என்பதும் ஒரு பகுதி என்று தால்மூத் உரைக்கிறது. நனையாமல் வீடு சேர விரும்பும் பயணி கொடியவன் அல்லன். ஆனால் உழவனின் வயலை அவன் மறந்துவிட்டான். அப்பயணிக்கென இன்றும் வழங்கும் வேண்டுதல் 'என்னை' என்னாது 'எங்களை' என்றே அமைந்திருத்தல் கருதத்தக்கது. தனித்துச் செல்வோனும் அவ்வாறே சொல்லுதல் வேண்டும்.

தனக்கும் ஒரு குறை இருக்க, அதே குறையுடைய பிறனுக்காக வேண்டுபவன் முதலில் பேறு பெறுவான் என்பது தால்மூதின் புகழ்பெற்ற கருத்து. பிள்ளைப்பேறு அற்றிருந்த ஆபிரகாம், அபிமெலேக்கின் வீட்டாருக்குப் பிள்ளைப்பேறு வேண்டினார். அடுத்தே சாராள் கருவுற்ற செய்தி வருகிறது. இதனை வாணிகக் கணக்காகக் கொள்வாரும் உளர். அது பிழையான வாசிப்பு. பேற்றை எண்ணி வேண்டுபவன் மீண்டும் தனக்காகவே வேண்டுகிறான்.

மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் யோகனானைப் பற்றிய செய்தி இன்னும் ஆழமானது. நோயுற்ற தோழரைக் கைகொடுத்து எழுப்பியவர் அவர். பின்னர் அவரே நோயுற்றபோது, மற்றோர் அறிஞராகிய ஹனினா வந்து கைகொடுக்க வேண்டியதாயிற்று. தம்மைத் தாமே ஏன் எழுப்பிக்கொள்ளவில்லை என்னும் வினாவிற்கு, சிறைப்பட்டவன் தன் சிறையைத் தானே திறந்துகொள்ள இயலாது என்னும் பொருள்பட விடை தரப்படுகிறது. பிறர்க்காக வேண்டுதல் என்னும் வழக்கத்தின் வேர் இவ்விடத்தில்தான் இருக்கிறது எனலாம்.

தொழுகைக் கூடங்களில் தோரா ஓதப்படும் வேளையில், நோயுற்றோர்க்கான வேண்டுதல் நிகழும். தோரா ஓத அழைக்கும்போது ஒருவரைத் தந்தை பெயரோடு சேர்த்து அழைப்பர். நோயாளிக்காக வேண்டும்போதோ தாயின் பெயரோடு சேர்த்துச் சொல்லுதலே பெருவழக்கு. வார நாள் வழிபாட்டில் இடம்பெறும் விண்ணப்பங்கள் ஓய்வுநாளில் விலக்கப்படுகின்றன. அன்று குறைகளைச் சொல்லி முறையிடலாகாது. எனினும் நோயாளிகளின் பெயர்கள் மட்டும் அன்றும் ஒலிக்கின்றன. இது முறையிடும் நாளன்று என்பதை அவ்வேண்டுதலுக்குள்ளேயே ஒப்புக்கொண்டு, நலம் விரைந்து வருக என்று கேட்டுவிடுகின்றனர்.