பின்னால் வருவதன் பொறுப்பு

கடலூர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டிரெய்லர் என்பது புதிய பொருளன்று. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால், நெல்லிக்குப்பம் ஆலைக்கும் சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும் டிராக்டர்கள் ஒன்றோ இரண்டோ டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு, சாலையின் பாதியை அடைத்தபடி ஊர்ந்து செல்வதைச் சிறுவயது முதலே கண்டு வருகிறோம். பின்னால் ஓடிச்சென்று ஒரு கழியை உருவி எடுக்காத பிள்ளைகள் எங்கள் காலத்தில் குறைவு. அந்த வண்டியின் பின்புறத்தில் ஒரு சிவப்பு விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாத இரவுகளில், அதே காட்சி மரணத்திற்குக் காரணமாகிவிடுகிறது. எங்கள் தெருவைச் சேர்ந்த ஒருவர், இஷாவுக்குப் பின் சிதம்பரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்புகையில், இருட்டில் ஓரமாக நிறுத்தப்பட்டிருந்த அத்தகைய டிரெய்லர் ஒன்றில் மோதி வஃபாத்தானார். ஜனாஸாவுக்கு வந்தவர்களில் பலர் விதி என்றார்கள். நானும் தக்தீரை நம்புகிறவன்தான். ஆயினும் ஒரு விளக்கைப் பொருத்த வேண்டிய கடமை, தக்தீரைக் காரணம் காட்டுவதால் நீங்கிவிடுவதில்லை.

பரங்கிப்பேட்டையில் பிறந்த நான், வாழ்நாளின் இருபத்திரண்டு ஆண்டுகளை வளைகுடா நாட்டில் ஒரு குடும்பத்தின் ஓட்டுநராகக் கழித்தேன். அங்கே விலையுயர்ந்த எஸ்யூவியின் பின்னால் டிரெய்லர் பூட்டுவது அன்றாட வழக்கம். விடுமுறை நாட்களில் படகு, குளிர்காலத்தில் பாலைவனக் கூடாரச் சாமான்கள், சில வேளைகளில் பழுதான கார் என்று எத்தனையோ சுமைகளை லேண்ட் குரூசரில் பூட்டி இழுத்திருக்கிறேன். அந்தத் தொழிலை எனக்குக் கற்பித்தவர் ஒரு பாகிஸ்தானிய மூத்த ஓட்டுநர். அவர் முதல் நாள் என்னை வண்டியில் ஏறவே விடவில்லை. டிரெய்லரைச் சுற்றி மும்முறை நடக்கச் செய்து, ஒவ்வொரு சுற்றிலும் நான் கண்டதைச் சொல்லச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பழக்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

சென்ற ஆண்டு என் தங்கை மகன், சென்னையில் நல்ல பணியில் இருப்பவர், தமது புதிய எஸ்யூவியுடன் கடலூருக்கு வந்தார். மஞ்சக்குப்பத்து வீட்டின் கொட்டகையில் அவருடைய வாப்பாவின் அம்பாசிடர் கார் நெடுங்காலமாக நின்றுகொண்டிருந்தது. மச்சான் மறைந்த பின் அதை விற்க என் தங்கைக்கு மனம் வரவில்லை. சிதம்பரத்தில் அம்பாசிடர் வேலையில் கைதேர்ந்த பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், பெருநாளைக்கு முன் அதை ஓடச்செய்து உம்மாவை ஏற்றிச்செல்ல வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவரிடமிருந்து இரும்புக் குழாய்களைக் கொண்டு பட்டறையில் செய்யப்பட்ட டிரெய்லர் ஒன்றையும் கேட்டு வாங்கியிருந்தார். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான்.

"மாமா, இந்த வண்டிக்கு இருக்கிற சக்திக்கு அம்பாசிடர் ஒரு சுமையா? பின்னால் இருப்பதே தெரியாது" என்றார்.

"அதுதான் வாப்பா என் அச்சமே, பின்னால் இருப்பது தெரியாது என்பதுதான்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. டிராக்டர் ஓட்டுபவருக்குத் தம் சுமை ஒவ்வொரு கணமும் தெரியும். இஞ்சின் முனகும், இருக்கை அதிரும். சொகுசு வண்டியோ அந்தச் செய்திகளை எல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளி ஓசை கேட்பதில்லை. காற்றழுத்த சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், பின்புறத்தில் அளவுக்கு மீறிய பாரம் அமர்ந்தாலும், அது தன் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். பின்பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பாரத்தை மதிப்பிடும் வழி அடைபட்டுவிடும். வசதி நம் சுமையைக் குறைப்பதில்லை; சுமையை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது.

அன்று காலை அவரை அழைத்துக்கொண்டு அந்த டிரெய்லரைச் சுற்றி நடந்தேன். நாங்கள் பார்த்தவற்றை இங்கே எழுதுவது, நம் பிள்ளைகளில் பலர் இன்று இத்தகைய வண்டிகளை வாங்குவதாலும், படகோ காரோ இழுத்துச்செல்லும் ஆசை அவர்களுக்கும் வரக்கூடும் என்பதாலும்தான்.

முதலில் ஆவணம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் டிரெய்லரையும் அடக்குகிறது. ஆகவே அதற்கும் பதிவு வேண்டும், காப்பீடு வேண்டும். எங்களிடம் வந்த டிரெய்லருக்கு இரண்டும் இல்லை. எஸ்யூவியின் கையேட்டையும் பார்க்க வேண்டும். பெரிய லேண்ட் குரூசரைப் பல நாடுகளில் 3,500 கிலோ வரை இழுக்க அனுமதிக்கிறார்கள்; அந்த எண் பிரேக் உள்ள டிரெய்லருக்கு உரியது. பிரேக் இல்லாததற்குப் பொதுவாக 750 கிலோதான். ஒரே மாதிரி வண்டிக்கு ஒரு நாட்டில் தரப்பட்ட அளவு இன்னொரு நாட்டில் தரப்படாமலும் இருக்கும். வெளிநாட்டுக் காணொளியில் பார்த்தோம் என்பது ஆதாரமாகாது. நம் கையில் உள்ள கையேடே ஆதாரம்.

அடுத்தது எடை. கரும்பும் நெல்லும் விளையும் நம் பகுதியில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. வெறும் டிரெய்லர் 640 கிலோ காட்டியது. அம்பாசிடரை 1,150 கிலோ என்று கொண்டால் மொத்தம் 1,790 கிலோ. எஸ்யூவி 2,400 கிலோ. அதாவது, தனியாகச் செல்லும்போது நிறுத்த வேண்டிய எடையைவிட முக்கால் பங்கு கூடுதலான எடையை, அதே நான்கு சக்கரங்களின் பிரேக் நிறுத்த வேண்டும். ஏனெனில் அந்த டிரெய்லருக்கு என்று தனியாகப் பிரேக் கிடையாது. "இழுப்பது இஞ்சின், நிறுத்துவது யார்?" என்று கேட்டேன். மருமகன் பதில் சொல்லவில்லை. வேகத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. 60 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு ஏறினால், வேகம் கூடுவது மூன்றில் ஒரு பங்கு. நிறுத்தித் தீர்க்க வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய 1.8 மடங்கு.

மூன்றாவது, மூக்குப் பாரம். டிரெய்லரின் முன்முனை, இழுக்கும் வண்டியின் கொக்கியின்மீது எவ்வளவு அழுத்துகிறது என்பதே அது. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு அங்கே இறங்க வேண்டும் என்பது இத்தகைய கார் டிரெய்லர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. ஐரோப்பிய வழக்கில் இதைவிடக் குறைத்துச் சொல்வார்கள். எங்கள் சுமைக்கு அது 180 முதல் 270 கிலோ. கொக்கியும் வண்டியும் அதைத் தாங்க அனுமதி பெற்றவையா என்பதையும் பார்க்க வேண்டும். பாரம் பின்னால் கூடினால் டிரெய்லர் பாம்புபோல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடக் கூட அந்த ஆட்டம் தானாக அடங்காமல் வளரும். இஞ்சின் முன்னால் உள்ள காரை முகம் முன்னோக்கி ஏற்ற வேண்டும் என்பது இதனால்தான். திருப்பி ஏற்றினால் கனமான பகுதி வாலுக்குப் போய்விடும். இந்த டிரெய்லரின் மூக்கையோ நான் ஒரே கையால் தூக்கிவிட்டேன். அச்சு சரியாக நடுவில் வைக்கப்பட்டிருந்தது. அதைச் சற்றுப் பின்னால் வைத்திருக்க வேண்டும்.

நான்காவது, கொக்கியின் குண்டு. 50 மில்லிமீட்டர் குண்டும், 47.6 மில்லிமீட்டர் (1 7/8 அங்குலம்) கொண்ட பழைய அமெரிக்க அளவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். பெரிய கிண்ணத்தைச் சிறிய குண்டின்மேல் வைத்துப் பூட்டினால் பூட்டிக்கொள்ளவும் செய்யும். ஒரு வேகத்தடையில் துள்ளும்போது கழன்றுவிடும். அதற்காகத்தான் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளை இழுதண்டின் கீழே குறுக்காக மாட்டுவது. கொக்கி கழன்றால், மூக்கு தரையில் குத்திப் புரளாமல் அந்தச் சங்கிலிகள் தொட்டில்போல் ஏந்திக்கொள்ளும். எங்கள் டிரெய்லரில் சங்கிலி ஒன்றே இருந்தது. அதுவும் கடற்காற்றில் துருவேறியது.

டயரில் பொறிக்கப்பட்ட கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 2311 என்றிருந்தால் 2011-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று வெடிப்பதே அதிகம். பின்விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு மூன்றும் இழுக்கும் வண்டியின் இணைப்பிலிருந்து எரிய வேண்டும். புதிய வண்டிகளில் டிரெய்லரின் ஆட்டத்தை உணர்ந்து தானே பிரேக் பிடிக்கும் ஏற்பாடு உண்டு; முறையான மின்னிணைப்பு இல்லாவிட்டால், பின்னால் டிரெய்லர் இருப்பதே பல வண்டிகளுக்குத் தெரியாது.

இவையனைத்தும் சரியாக அமைந்தால், ஓட்டுவது பொறுமையின் வேலை. ஏற்றிய காரின் நான்கு சக்கரங்களையும் தனித்தனிப் பட்டைகளால் இறுக்க வேண்டும். கைப்பிரேக்கை மட்டும் நம்பலாகாது. முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில், அதாவது கடலூரிலிருந்து புறப்பட்டால் ஆலப்பாக்கத்திற்கு முன்பாகவே, நிறுத்திப் பட்டைகளை மீண்டும் இறுக்கி, சக்கர நட்டுகளைப் பார்த்து, சக்கரக் குடத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூடு கூடியிருக்கிறதா என்று அறிய வேண்டும். புதுச்சத்திரம் பகுதியில் மரமில்லாத வெளியில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும். எதிரே பேருந்து கடந்து செல்லும்போதும் டிரெய்லர் ஒரு கணம் அசையும். அப்போது பிரேக்கை அழுத்தலாகாது, ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பவும் கூடாது. நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால் ஆட்டம் தானே அடங்கும். பின்னோக்கிச் செல்லும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்; கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் வால் அந்தப் பக்கம் போகும். என் உஸ்தாத் சொன்ன இந்த ஒரு வரி பல நாள் பயிற்சியை மிச்சப்படுத்தியது.

எங்கள் பரிசோதனை முடிந்தபோது லுஹர் நேரமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், "எதற்கு இவ்வளவு? கயிறு கட்டி இழுத்துவிடலாமே" என்றார். பழுதான வண்டியைக் கட்டி இழுப்பதற்கும் விதி உண்டு. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள், இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், பின் வண்டியில் உரிமம் பெற்றவர் அமர்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லின. பிரேக் பிடிக்காத காரில் யாரை உட்காரவைப்பது? அந்த யோசனை அத்துடன் நின்றது.

"இழுக்க வேண்டாம்" என்றேன். மருமகனின் முகம் வாடியது. வாப்பாவின் காரைத் தாமே கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய உள்ளத்தில் எத்தகைய ஆசை என்பதை நான் அறியாதவன் அல்லன். உள்ளே நின்றிருந்த என் தங்கை மட்டும் பேசினாள். "அவர் இருந்தால், காருக்காக ஒரு பிள்ளையைச் சாலையில் விடச் சொல்வாரா?" என்று கேட்டாள். அவள் தன் மகனை மட்டும் சொன்னாளா, எதிரே மோட்டார் சைக்கிளில் வரக்கூடிய யார் பெற்ற பிள்ளையையோ சேர்த்துச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கூலிக்கு ரெக்கவரி வண்டி ஒன்றை அமர்த்தினோம். அம்பாசிடர் அதன் தட்டின்மீது ஏறி அமர்ந்தது. மருமகன் தம் எஸ்யூவியில் அதன் பின்னாலேயே சிதம்பரம் வரை சென்றார். மூன்று வாரங்களில் கார் ஓடத் தொடங்கியது. பெருநாளன்று அவர் உம்மாவை அதில் ஏற்றிக்கொண்டு பரங்கிப்பேட்டைக்கு வந்தார்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்ட மனிதரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பிக்கை வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அனைவரும் ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். அதைப் பெரும்பாலும் நம் பொருள் தொலைந்துவிடாமல் காப்பதற்கான அறிவுரையாகவே எடுத்துக்கொள்கிறோம். கட்டப்படாத ஒட்டகம் பிறருடைய பயிரையும் மிதிக்கும். டிரெய்லர் பூட்டியவனுக்கு இந்தப் பொருள் எளிதில் விளங்கும். அவனுடைய பட்டை அவிழ்ந்தால் விலை கொடுப்பவர் பின்னால் வருபவர். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று போற்றும் மார்க்கத்தில், நாமே ஓர் இடையூறைப் பூட்டி இழுத்துக்கொண்டு போவது எவ்வளவு பொருந்தாத செயல்!

கரும்பு ஏற்றும் விவசாயிகளும் டிராக்டர் ஓட்டுநர்களும் நம் அண்டை ஊர்க்காரர்கள். ஓர் ஒளிரும் பட்டைச் சுருள் பெருஞ்செலவு பிடிப்பதன்று. ஊர் இளைஞர்கள் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, அறுவடைக் காலத்தில் வழியில் நிற்கும் டிரெய்லர்களின் பின்புறத்தில், உரியவரிடம் கேட்டு, அதை ஒட்டிக்கொடுத்தால் அது ஸதகாவாக அமையும், இன்ஷா அல்லாஹ். எங்கள் தெருவில் நான்கு பிள்ளைகள் வரும் பருவத்தில் இதைச் செய்வதாக முன்வந்திருக்கிறார்கள்.

பயணம் புறப்படும் துஆவை ஓதி வண்டியில் ஏறுங்கள். ஏறும் முன் ஒரு முறை வண்டியைச் சுற்றி நடந்துவிடுங்கள். நம்மையும், நம் பின்னால் வருபவர்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.