ரொதாழ்

எழுபத்தோரு வயதில் இந்த வண்டி எதற்கு என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. பால்காரர் கேட்டார். இஸ்திரி போடுகிறவர் கேட்டார். பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போனால் அங்கே காஷியரும் கேட்டார். என் பெண் மட்டும் கேட்கவில்லை. ஒரு வாரம் போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

2022 மார்ச்சில் வாங்கினேன். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சிசி. வண்டியின் எடை 199 கிலோ, என் எடை 61. பெயரைப் பார்த்துவிட்டு "லடாக் போறீங்களா சார்?" என்றார்கள். நான் போக நினைத்தது காரைக்காலுக்கு. புதுச்சேரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். அதற்கு ஸ்கூட்டர் போதாதா என்றால், போதாது. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் என் இடுப்பு மூன்று நாளைக்கு அதை மறப்பதில்லை. ஹிமாலயனின் முன்சக்கரம் 21 அங்குலம். முன் ஷாக் அப்சார்பர் 200 மில்லிமீட்டர் வரை அமுங்கிக் கொடுக்கும். நிமிர்ந்து உட்காரலாம். இமயமலைக்கு என்று செய்த வண்டி கடலூர் சாலைக்கும் ஆகும் என்பது என் கணக்கு.

எட்டாம் நாள் பெண் போனை எடுத்தாள். எழுத்தராக முப்பத்தெட்டு வருஷம் இருந்தவன் ஆகையால், அவள் கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன்: இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை, ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்கும் போவதில்லை, அடுத்த முறை லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் 1ஏ படிவத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினால் சாவி அவள் கையில். தேதி போட்டு, கையெழுத்திட்டு, வாட்ஸப்பில் அனுப்பினேன். "சரிப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை பதில் வந்தது.

அடுத்த வேலை ரொதாழ்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இன்று எல்லோரும் ரன்னிங் இன் என்கிறார்களே, அதற்கு பிரெஞ்சில் ரொதாழ் என்று பெயர். தேய்த்துப் பதமாக்குவது என்று பொருள். சைகோனில் ஒரு கராஜில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் பெரியப்பா, அங்கே புதுக் கார்களின் பின்கண்ணாடியில் 'ஆன் ரொதாழ்' என்று அட்டை ஒட்டியிருப்பார்கள் என்று சொல்வார். இன்னும் பழகாத வண்டி, பின்னால் வருகிறவர் பொறுத்துக்கொள்ளவும் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல்லால் எனக்கு ஒரு மதிப்பெண் போயிருக்கிறது. ரொதே என்றால் தேய்த்துப் பதமாக்குவது. அதே சொல்லில் ஓ எழுத்துக்கு மேல் ஒரு தொப்பி வைத்தால் ரோதே, அதாவது வேலையில்லாமல் சுற்றித் திரிவது. டிக்டேஷனில் தொப்பியை வைத்துவிட்டேன். "இன்ஜின் தெருத்தெருவாகச் சுற்றுகிறதா?" என்று முசியே வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்தார்.

ஆனால் இந்தச் சொல் எனக்கு நன்றாகப் புரிந்தது 1976இல்தான்.

அந்த வருஷம் கடன் போட்டுப் புது எஸ்டி வாங்கியிருந்தேன். டூ ஸ்ட்ரோக் வண்டி. அதில் இன்ஜினுக்கான எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். புதிதில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இடைவெளி இறுக்கமாக இருக்கும். ஒரே வேகத்தில் விரட்டினால் பிஸ்டன் சூடேறி விரியும், நடுவிலிருக்கும் எண்ணெய்ப் படலம் கிழியும், அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பிக்கொண்டு அப்படியே பிடித்துவிடும். இதைத்தான் சீஸ் என்பார்கள். முதல் 1000 கிலோமீட்டருக்கு 50ஐத் தாண்டாதே என்று பெரியப்பா வண்டியைத் தொட்டுச் சொன்னார். மீட்டரில் 300 கூட ஆகாதபோது காரைக்காலிலிருந்து தந்தி வந்தது. என் மாமனாருக்குக் கவலைக்கிடம்.

கல்யாணமாகி ஏழு மாதம். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நேரமாகும் என்று மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினேன். கடலூர் தாண்டியதும் 50 எல்லாம் மறந்து போயிற்று. சிதம்பரம் போய், கொள்ளிடம் தாண்டி, சீர்காழிக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் சத்தம் திடீரென்று மாறியது. கிளட்சைப் பிடிப்பதற்குள் பின்சக்கரம் பூட்டுப் போட்டாற்போல நின்றது. வண்டி வழுக்கி இடது பக்கம் சாய்ந்தது. அவள் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானை சக்கரத்துக்குள் போகாமல் தடுத்தது பக்கவாட்டிலிருந்த சாரி கார்டுதான். முழங்கையில் சிராய்ப்பு, புடவையில் ஒரு கிழிசல், அத்தோடு போயிற்று. வண்டியை ஒரு டீக்கடையில் போட்டுவிட்டுப் பஸ் பிடித்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமனார் இறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

இதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. 2019இல் அவள் போகும் வரை. நானும் கேட்டதில்லை. ரொதாழ் முடியாத வண்டியை விரட்டியவன் நான்தானே, என்னத்தைக் கேட்பது?

அதனால் இந்த முறை, சின்னப் பிள்ளை போல ஒரு நோட்டுப் போட்டேன். இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் அந்த மாதிரி சட்டென்று பிடித்துக்கொள்ளும் பயம் அவ்வளவு இல்லை. எண்ணெய் தனியாகச் சுற்றுகிறது. ஆனாலும் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் தங்களுக்கென்று இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். பலர் நினைப்பது போல மெதுவாக ஓட்டினால் மட்டும் போதாது. ஒரே வேகத்தில் பத்து கிலோமீட்டர் போவதும் தப்பு, டாப் கியரில் போட்டு இன்ஜின் முக்க முக்க ஏற்றுவதும் தப்பு. புது டயர் வழுக்கும் என்பதால் வளைவுகளில் சாய்க்கக்கூடாது. பிரேக் கட்டைகளும் பழக வேண்டும். பாரம் ஏற்றக்கூடாது. முதல் வாரம் காலை ஐந்தரைக்குக் கிளம்பி வில்லியனூர், திருக்கனூர், ஒரு நாள் செஞ்சி வரைக்கும் போய்விட்டு வெயிலுக்கு முன் திரும்பினேன். தொப்பி வைத்த ரோதேயும் கூடவே நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு கிலோமீட்டரில் செயின் தளர்ந்து தொங்கியது. அது புதுச் செயினின் இயல்பு. ஷோரூமில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சின்ன ஸ்பேனரால் தட்டிப் பார்த்தேன். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகச் சொல்லும். பின்சக்கரத்தில் இரண்டு மந்தம்.

பிறகு உடம்புக்கு ஏற்ற மாதிரி வண்டியைத் திருத்தும் வேலை. சீட்டின் உயரம் 800 மில்லிமீட்டர். என் உயரத்துக்கு நுனிக்கால்தான் எட்டியது. நின்ற இடத்தில் 199 கிலோ சாய்ந்தால் என்னால் பிடிக்க முடியாது. சீட் கவர் கடையில் கொடுத்து ஃபோமை ஒரு அங்குலம் குடைந்து எடுக்கச் சொன்னேன். கால் ஊன்றியது, ஆனால் இருபது கிலோமீட்டரில் பலகையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மறுபடி போய்க் கொஞ்சம் அடர்த்தியான ஃபோம் வைத்ததில் சரியாயிற்று. தோள்பட்டை வலிக்காக ஹேண்டில்பாரை உயர்த்த அடியில் ரைசர் கட்டைகள் வைத்தேன். மணலிலும் வெயிலில் இளகிய தாரிலும் சைடு ஸ்டாண்டு புதையாமல் இருக்க, லேத் பட்டறையில் அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு பற்ற வைத்தேன். செலவு மிகக் குறைவு. செய்த திருத்தங்களில் மிக உபயோகமானது அதுதான். லெக் கார்டு போட்டேன். கூடுதல் விளக்கு வேண்டாம் என்றேன். விளக்கு இருந்தால் இருட்டில் ஓட்டத் தோன்றும், எழுதிக் கொடுத்தது நினைவிருக்கிறதே.

மெக்கானிக் தம்பிக்கு இதில் ஏமாற்றம். சத்தம் போடும் சைலன்சர் மாட்டலாம் என்றான். வேண்டாம் என்றேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டு லக்கேஜ் தகடு வைக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சாரி கார்டைக் கழற்றி மூலையில் பழைய இரும்போடு போட்டிருந்தான்.

"அதை ஏன் தம்பி எடுத்த?"

"இதுதான் சார் மொதல்ல எடுக்கறது. வண்டி லுக்கே போயிடும். யாரு சார் புடவை கட்டிக்கிட்டு இதுல ஏறப் போறாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராதபோது எழுத்தர் விதியைக் காட்டுவான். "மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 123. பின்னால் உட்காருகிறவர் துணி சக்கரத்தில் சிக்காமல் தடுப்பு இருக்கணும், கைப்பிடி இருக்கணும், கால் வைக்க இடம் இருக்கணும். திருப்பி மாட்டு" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாட்டினான். பின் சீட்டும் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன்.

அதனால் இன்னொரு சிக்கல் வந்தது. தையல்காரரிடம் தைக்கக் கொடுத்திருந்த கான்வாஸ் பைகளில் இடது பக்கத்துப் பை சாரி கார்டில் இடித்தது. வலது பக்கத்தில் சைலன்சர் சூடு. கடைசியில் இடது பையை ஒல்லியாக்கினோம். அதில் ரெயின்கோட், மாத்திரை டப்பா. கனமானதெல்லாம் வலதில், சூடு படாத உயரத்தில்.

மீட்டரில் 240 இருந்தபோது காரைக்காலுக்குக் கிளம்பினேன். முதல் சர்வீஸ் 500இல். போய் வந்தால் கணக்குச் சரியாக இருக்கும். நாலு வழிச்சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் வழியெல்லாம் மண், ஜல்லி, மாற்றுப்பாதை. அந்த மண்ணில்தான் இந்த வண்டி ஏன் இந்த விலை என்று புரிந்தது. கொள்ளிடம் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தேன். அந்த டீக்கடை எந்த இடம் என்று தெரியவில்லை. சாலையே வேறாகிவிட்டது. ஓர் ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, இன்ஜின் ஆறட்டும் என்று கால் மணி நேரம் நின்றேன்.

காரைக்காலில் என் மச்சினி வீடு. அக்காவைவிட ஐந்து வயது இளையவள். தந்தி வந்த நாளில் பள்ளிக்கூடத்துப் பாவாடை கட்டிக்கொண்டு வாசலில் எங்களுக்காக நின்றவள். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அந்த எஸ்டி வண்டி என்னாச்சு அத்தான்?"

ஊர் ரிப்பேர்க்காரரிடம் சிலிண்டரை போர் போட்டு இன்னும் ஆறு வருஷம் ஓட்டினேன் என்றேன்.

"அக்கா அதைச் சொல்லிச் சொல்லி அழும். 'அவர் மெதுவாத்தான் போனாரு. நான்தான் முதுகுல தட்டித் தட்டி, சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்கன்னேன். புது வண்டியக் கெடுத்து அப்பாவையும் பார்க்காம ஆக்கிட்டேன்'னு. உங்ககிட்ட சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்ல மாட்டா."

அவள் முதுகில் தட்டினாளா? எவ்வளவு யோசித்தும் எனக்கு அது நினைவில் இல்லை. காற்றில் கேட்கவில்லையோ, தட்டியது தெரியவில்லையோ. நான் பெரியப்பா சொன்னதை மறந்து ஓட்டியதுதான் இத்தனை வருஷமும் நினைவிலிருந்தது.

மச்சினி அதற்குள் எழுந்து போய் வண்டியின் இடது பக்கம் குனிந்து பார்த்தாள். "இது எதுக்கு அத்தான், இந்தக் கம்பி?"

சாரி கார்டு என்றேன்.

"அப்ப நான் ஏறலாம்ல? அம்மையார் கோயில் வரைக்கும் கூட்டிட்டுப் போங்களேன். முக்காலி போட்டு ஏறிக்கறேன்."

மீட்டரைப் பார்த்தேன். 372. ரொதாழ் முடியாமல் பாரம் ஏற்றக்கூடாது, 500இல் எண்ணெய் மாற்றிவிட்டு அடுத்த மாதம் வருகிறேன், அப்போது போகலாம் என்றேன்.

"வாங்க. எனக்கென்ன அவசரம்" என்று சொல்லிவிட்டு, பின் சீட்டிலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.