உருளையில் ஒரு கோடு

2024 ஜூன். திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழை வலுத்திருந்தது. மக்களவைத் தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த ரிவால்வரைத் திரும்ப வாங்கிக்கொண்டு கரமனை வீட்டுக்கு வந்த பெரியவர், குடையை மடக்கும் முன்பே அதைத் திறந்து பார்த்தார். "எவனோ எடுத்து விளையாடியிருக்கான்!" என்று கத்தினார். தோட்டா உருளையைச் சுற்றி மோதிரம் போல ஒரு வெள்ளைக் கோடு.

கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 அது. பிரிட்டிஷ் வெப்ளியின் வாரிசு. ஆறு தோட்டா, மடித்துத் திறக்கும் உடம்பு. பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மேலாளராக இருந்தபோது, ஜீப்பில் சம்பளப் பணம் கொண்டு போவதற்காக வாங்கியது. யாரை நோக்கியும் நீட்டியதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு அவரிடம் மிச்சமிருந்த கௌரவங்களில் அதுவும் ஒன்று.

சென்னையிலிருந்து வந்திருந்த மகன் சந்தர்ப்பத்தை விடவில்லை. "போதும்ப்பா, சரண்டர் பண்ணிடுங்க." பெரியவர் அசையவில்லை. முதலில் புகார் எழுத வேண்டும் என்றார்.

அதற்கு முன் இருவரும் லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடை ஒன்றுக்குப் போனார்கள். மெக்கானிக் முதலில் செய்த காரியம், ஆறு அறைகளும் காலியா என்று கண்ணால் பார்த்து விரலாலும் தடவியது. பிறகு கோட்டைப் பார்த்துச் சிரித்தார். "சாரே, இது கேடு இல்லை." ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேரே வந்ததும் உருளையை நிறுத்த ஒரு சிறிய இரும்பு நாக்கு இருக்கிறது. உருளை சுழலும்போது அது உரசும்; மேல்பூச்சு தேயும். உறையில் போட்டு எடுக்கும்போது குழல் முனை வெளுப்பதும் அப்படித்தான். பயப்பட வேண்டியது வேறு: சுத்தி பின்னால் நிற்கும்போது உருளை ஆடினால், மடிப்புப் பூட்டு தளர்ந்தால், அறை குழலுக்கு நேராக நிற்காவிட்டால். இதில் அந்தக் குறை எதுவுமில்லை.

ஆனால் குழலுக்குள் டார்ச் அடித்தவர் முகம் மாறியது. துருப் புள்ளிகள். காவல் நிலையத்தின் மீது பாயத் தயாரான பெரியவரை, "எதில் வைப்பீங்க?" என்ற கேள்வி நிறுத்தியது. தோல் உறையில். எண்ணெய்? தேங்காய் எண்ணெய்தான், கேரளத்தில் வேறென்ன! இரண்டுமே தப்பு. கடற்காற்று ஊரில் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் கெட்டுப்போகும். மெல்லிய மெஷின் எண்ணெயைத் துணியில் நனைத்து ஒரு தடவு, மழைக்காலத்தில் அடிக்கடி, அவ்வளவு போதும்.

கடைசியாக மெக்கானிக் கேட்டார்: "அதிகம் சுடாத துப்பாக்கி. கோடு மட்டும் இவ்வளவு ஆழமா இருக்கே?"

பதிலில்லை. வெளியே ஆட்டோவுக்குக் காத்திருந்தபோதுதான் பெரியவர் சொன்னார். "உங்கம்மா போனப்புறம் ராத்திரி தூக்கம் வர்றதில்லடா. எடுத்துச் சுத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். காலியாத்தான்."

மகன் அவரை மறுபடி கடைக்குள் அழைத்துப் போனான். ரிவால்வரும் தோட்டாக்களும் கடைக்காரரின் பாதுகாப்பில் தங்கின. ரசீதைப் பெரியவரே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புகார் எழுதப்படவில்லை. மறுநாள் சென்னை ரயிலுக்கு வாங்கியிருந்த டிக்கெட்டை மகன் ரத்து செய்தான்.