அவசரமாய்ப் பிரித்த சூளை

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை தரலாமா என்றுதான் யோசித்தேன். காதல் கவிதை மட்டும் ஏற்கெனவே முப்பது வந்துவிட்டதாம்! ஆகவே நான் கெடுத்த ஆறு வில்லைகளின் கதையை எழுதுகிறேன்.

எங்கள் பேட்சின் ப்ராஜெக்ட், பி.டி.சி. தெர்மிஸ்டர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கொசுவுக்காக வீட்டில் ப்ளக்கில் செருகி வைக்கிறோமே, அந்த மெஷின்கள் பலவற்றின் உள்ளே சூடாவது இந்தச் சின்ன வில்லைதான். குறிப்பிட்ட சூடு வந்ததும் இதன் ரெசிஸ்டன்ஸ் ஆயிரம் மடங்கு, சிலவற்றில் லட்சம் மடங்குகூட ஏறிவிடும். கரண்ட் தானே குறைந்துவிடும். தனியாக ஸ்விட்ச் வேண்டியதில்லை.

மூலப்பொருள் பேரியம் டைட்டனேட். சுத்தமாக இருந்தால் அது கரண்டை விடாது. அதில் நூறில் கால் பங்கு போல லாந்தனம் கலந்து சுட்டால் செமிகண்டக்டர் ஆகி, கருநீலமாக மாறும். கூடுதலாகப் போட்டாலோ மறுபடி இன்சுலேட்டர்! உப்புப் போடுவது போலத்தான். 1950களில் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் இந்தக் குணத்தைக் கண்டார்கள்.

பொடியை அரைத்தோம், 1100 டிகிரியில் ஒருமுறை சுட்டோம், மறுபடி அரைத்தோம், பிரஸ்ஸில் அழுத்தினோம். கடைசியாக 1350 டிகிரியில் ஒரு மணி நேரம். அன்றைக்கு ஃபர்னஸுக்குக் காவல் நான். ராத்திரி எட்டரை பஸ்ஸை விட்டால் எங்கள் ஊருக்கு மறுநாள் காலையில்தான் பஸ். அணைத்துவிட்டு அப்படியே மெதுவாக ஆறவிட வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். 'அதான் வெந்துபோச்சே' என்று நினைத்து, 1200-க்கு இறங்கியதுமே கதவைத் திறந்து இடுக்கியால் தட்டை வெளியே எடுத்துவிட்டேன். மூன்று வில்லை 'டிக்'கென்று வெடித்தன. மூன்று பிழைத்தன.

திங்கட்கிழமை மீட்டர் வைத்தால் சில ஓம்தான். கரண்ட் நன்றாகப் போகிறது என்று குதித்தோம். அவனில் வைத்துச் சூடேற்றினோம். 120, 150, 180... முள் சோம்பேறி மாதிரி கொஞ்சம் அசைந்ததோடு சரி. "எப்படிப்பா ஆற வச்சீங்க?" என்று சார் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. பேட்சில் மற்ற மூவரும் பொடி சரியில்லை, தராசு சரியில்லை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக் கொண்டார்கள். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா மண்பாண்டம் செய்பவர். முதல் வருடம் ஹாஸ்டலில் கேட்டவர்களுக்கெல்லாம் 'விவசாயம்' என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பா சூளை பிரித்துக் கொண்டிருந்தார். விஷயத்தை மெல்ல அவரிடம் சொன்னேன். எத்தனை டிகிரி என்று அவர் கேட்கவில்லை. "எப்பப் பிரிச்சே?" என்றார். சொன்னேன். சிரித்தார். "தீயை அணைச்சாலும் சூளை வேலை செஞ்சுகிட்டுதான்டா இருக்கும். ஆறும்போது காத்து விட்டா சட்டி செவப்பு. வைக்கோலும் மண்ணும் போட்டு மூச்சை அடைச்சா கறுப்பு. மண்ணு ஒண்ணுதானே?"

அப்பாவின் கறுப்புக்குக் காரணம் புகைக்கரியும் மண்ணிலுள்ள இரும்பும். எங்கள் வில்லையில் அவை இல்லை, ஆகவே இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். ஆனால் மறுநாள் சாரிடம் போய் உண்மையை ஒப்புக்கொண்டபோது, அவரும் காற்றில்தான் ஆரம்பித்தார்! வில்லை என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளின் கூட்டம். மணிக்குள்ளே கரண்ட் தாராளமாக ஓடும். மெதுவாக ஆறும்போது காற்றின் ஆக்ஸிஜன் மணிகளின் எல்லை வழியாக உள்ளே போய், எல்லையில் மட்டும் ஒரு தடுப்பு எழுப்புகிறது. ஏறக்குறைய 120 டிகிரி வரை பொருளின் சொந்த மின்முனைவாக்கம் அந்தத் தடுப்பைத் தணித்து வைக்கிறது. அதைத் தாண்டினால் மின்முனைவாக்கம் மறைகிறது, தடுப்பு எழுந்து நிற்கிறது. 1961-ல் ஹேவாங் என்பவர் தொடங்கிவைத்த விளக்கத்தின் சாரம் இது. எல்லையே இல்லாத ஒற்றைப் படிகத்தில் இந்த ஏற்றம் கிடையாதாம். நான் அவசரத்தில் எடுத்ததால் தடுப்பு எழவே நேரம் கிடைக்கவில்லை.

"தூக்கிப் போட்டுடாதே, மறுபடி சூடேத்து" என்றார் சார். மிஞ்சிய மூன்றையும் காற்றில் 1150-ல் இரண்டு மணி நேரம் வைத்து, நிமிடத்துக்கு இரண்டு டிகிரியாக இறக்கினோம். அன்று பஸ்ஸை மறந்து லேபிலேயே படுத்தேன். காலையில் அளந்தால் சாதாரணச் சூட்டிலேயே ஓம் பல மடங்கு கூடியிருந்தது. அவனில் 120-ஐத் தாண்டியதும் பாருங்கள்... ரேஞ்சை மாற்றி மாற்றிக் கை வலித்தது! ஓமில் இருந்து கிலோ ஓம், அங்கிருந்து லட்சம் ஓம். அதே பொடி, அதே வில்லை.

ரெக்கார்டில் கெட்டுப்போன கிராஃபை ஒட்டாதே, மார்க் போகும் என்றார்கள் நண்பர்கள். நல்ல கிராஃபுக்குப் பக்கத்திலேயே அதையும் ஒட்டினேன். வைவாவில் எக்ஸ்டர்னல் சார் அந்தப் பக்கத்தில்தான் நின்றார்.

"ரெண்டு விதமா ஆற வச்சுப் பார்க்கணும்னு யாருப்பா சொன்னா?"

"யாரும் சொல்லலை சார். பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

"சரி, தப்பு ஆற வச்சதுலன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"எங்கப்பா சொன்னாங்க சார். மண்பானை செய்யறாங்க."