வாடைக்குத் தென்கடல், கச்சானுக்கு வடகடல்!

தனுஷ்கோடி சாலை முடியும் அரிச்சல்முனையில் நின்றால் இரண்டு கடலையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆடி மாதத்தில் தெற்கே மன்னார் வளைகுடா அலையடித்துப் புரளும். வடக்கே பாக் விரிகுடா குளம்போல அடங்கிக் கிடக்கும். ஒன்றை ஆண் கடல் என்றும் மற்றதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். கார்த்திகையில் போனால் நிலைமை தலைகீழ்! சீற்றம் கடலின் குணமல்ல, காற்றின் வேலை.

மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை வாடை வீசும்போது வடகடல் கொந்தளிக்கும். ராமேஸ்வரம் தீவு இரண்டுக்கும் நடுவே வரப்புபோலக் கிடக்கிறது. அதனால் நாட்டுப்படகுக்காரர்கள் காற்று மாறும்போது படகையும் கரை மாற்றிக் கட்டுவார்கள். பட்டம் பார்த்து விதைக்கும் உழவருக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்.

கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, நீரின்மேல் மிதந்தபடி பவளப்பாறையையும் கடற்புல்லையும் பார்ப்பதை ஸ்நார்கெலிங் என்கிறார்கள். இதற்குத் தெளிந்த நீர் வேண்டும். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. வாடை அலை அடிச்சேற்றைக் கிளப்பிவிட்டால் கை நீட்டும் தூரம்கூடத் தெரியாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இரண்டு பக்கமும் ஓரளவு அடங்கியிருக்கும். புதிதாக இறங்குபவர்களுக்கு ஏற்ற பருவம் இதுதான்.

அடுத்தது திதி. தர்ப்பணம் கொடுக்க ஊரோடு கிளம்பி வருவது ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும்தான். முன்னது கச்சான் காலம், பின்னது வாடைக் காலம். ஆடியில் பிள்ளைகள் நீந்தி மகிழ்ந்த வடகரை, தையில் அவர்களுக்கு ஆபத்தாகலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் கூடுதலாக ஏறி, கூடுதலாக வற்றும். பாறை இடுக்குகளில் நீரோட்டமும் வேகமெடுக்கும். இங்கு ஓதத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் இழுக்கும் ஓட்டத்தை அந்த உயரத்தை வைத்து எடைபோடக் கூடாது. அட்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கமாட்டோம். கடலுக்குள் எட்டிப்பார்க்க ஓட்டம் தணிந்திருக்கும் அந்த நாட்களே நல்லவை.

நேரமும் முக்கியம். வெயில் ஏறியதும் கடற்காற்று கிளம்பும் என்பதால் காலையே சிறந்தது. நீர் நன்றாக வற்றியிருக்கும்போது இறங்கினால் வயிறும் முழங்காலும் பவளத்தில் உரசும். நமக்குக் காயம், உயிருள்ள பவளத்துக்கோ சேதம். 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறி வெளுத்துப்போன பவளங்கள் இங்கு உண்டு. அவற்றின்மேல் கால் ஊன்றுவது, முளைவிட்ட நாற்றை மிதிப்பதற்குச் சமம். ஓதம் ஏறி நிற்கும் நேரமே சரி. அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியின்றி அங்கே இறங்கக் கூடாது. வடகரையில் தொண்டிப் பக்கம் காரங்காட்டில், வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சுற்றுலா நடத்துகிறது. அரிச்சல்முனையிலோ, எந்தப் பருவத்திலும் குளிக்க இறங்க வேண்டாம். இரு கடல் ஓட்டமும் மோதும் இடம் அது.

கிளம்பும் முன் படகுக்காரரிடம், “இன்னைக்கு எந்தப் பக்கம்ணே நல்லாருக்கும்?” என்று கேட்டால் போதும். அவர் “ரெண்டும் வேணாம்” என்றால், கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதே நல்லது.