கேட்கத் தெரிந்த நடிகர்

வசனம் பேசி நடிப்பதைவிட, பிறர் பேசுவதைக் கேட்டு நடிப்பது கடினம். டி. எஸ். பாலையாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வரும்.

எங்கள் விளாங்குடியில், நான் சிறுவனாக இருந்த 1980களில், கோயில் திருவிழா என்றால் மரத்துக்கு மரம் குழாய் கட்டி ‘திருவிளையாடல்’ ஒலிச்சித்திரம் போடுவார்கள். மதுரையில் நடந்த கதையல்லவா? ஊரே சொந்தம் கொண்டாடிக் கேட்கும். ஒருமுறை, ஹேமநாத பாகவதரின் கட்டம் முடிந்ததும் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் என்னிடம், “குழாயிலே கேட்டா பாதிதாண்டா. அந்த ராத்திரியிலே பாலையா மூஞ்சியைப் பாக்கணும்” என்றார்.

பிறகு பார்த்தேன். பெரியவர் சொன்னது சத்தியம்.

1965இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த அந்தப் படத்தில், பாகவதர் பாண்டியன் சபையில் பாடும்போது குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது; கையும் கண்ணும் கர்வமும் பாலையாவுடையவை. ஆனால் நான் சொல்ல வந்தது அதையன்று. அன்றிரவு, விறகு விற்பவனாக வந்த சிவபெருமான் திண்ணையில் பாடுகிறார். பாகவதர் கேட்கிறார். அவர் தோற்றதாகத் தீர்ப்புச் சொல்ல அங்கே அரசனும் இல்லை, சபையும் இல்லை. அவருடைய வித்தையே அவருக்குத் தீர்ப்புச் சொல்கிறது. அரைகுறைப் பாடகனாக இருந்தால் தோற்றதே தெரிந்திராது! பாகவதர் கர்விதான், ஆனால் மெய்யான வித்துவான். இரண்டையும் அந்த ஒரே முகத்தில் காட்டிவிட்டார் பாலையா.

1914இல் நெல்லைச் சீமையில் பிறந்தவர் அவர். நாடக மேடையிலிருந்து 1936இல் ‘சதி லீலாவதி’ மூலம் திரைக்கு வந்தார். எம். ஜி. ராமச்சந்திரனுக்கும் அதுவே முதல் படம். ஒருவர் கதாநாயகரானார், மற்றவர் வில்லனாகவும், நண்பனாகவும், தமையனாகவும், தகப்பனாகவும் மாறிமாறி வந்தார். ‘வேலைக்காரி’யில் நண்பன்; ‘மதுரை வீர’னில் வில்லன்; ‘பாகப்பிரிவினை’யில் மனைவி சொல்லுக்கு ஆடும் அண்ணன்.

‘காதலிக்க நேரமில்லை’ 1964இல் வந்தது. அதில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையா உட்கார்ந்து கேட்கிறார். கதை சொல்கிறவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோமா, கேட்டு நடுங்குகிறவரைப் பார்த்தா? இரண்டாமவர் இல்லாவிட்டால் முதலாமவரின் சாமர்த்தியம் வெறும் சத்தமாகிவிடும். 1968இல் ‘தில்லானா மோகனாம்பா’ளில் அவருக்குத் தவில் வித்துவான் வேஷம் கிடைத்ததும் பொருத்தந்தான். நாயனத்தைக் கேட்காத தவில்காரன் உண்டா?

1972இல் காலமானார். சுவரொட்டிகளில் அவர் பெயர் பெரும்பாலும் கதாநாயகன் பெயருக்குக் கீழேதான் இருந்தது. வீட்டிலும் அப்படித்தானே? பேசுகிறவனை நினைவு வைத்துக்கொள்கிறோம். கடைசிவரை பொறுமையாகக் கேட்டவனை மறந்துபோகிறோம்.

நாவல் எழுதும்போது, ஒரு பாத்திரம் பக்கம் பக்கமாகப் பேசத் தொடங்கினால் நான் பேனாவை நிறுத்தி, எதிரே இருப்பவன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். அது எனக்குத் தெரியவில்லையென்றால் அந்தப் பேச்சை அடித்துவிடுவேன். பாலையாவிடம் கற்ற பாடம் இது.