தமையனின் விளையாட்டுப் பெட்டி

கொம்பனித்தெருவில், உயர்மாடிகளின் நிழலில் எஞ்சியுள்ள எமது சிறுவீட்டின் முன்னறை, இரவிற் பட்டறையாகிவிடும். சிறியதொரு துருவல் இயந்திரமும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் அங்குள்ளன. கடல்கடந்து சென்ற தமையனார் விட்டுச்சென்ற நின்ரெண்டோ கேம் போய் கருவியின் கூடு வெடித்திருந்தது; உள்ளுறுப்புகளோ பழுதற்றவை. புதுக்கூடு செய்ய முனைந்தேன்.

1989இல் வெளிவந்த அக்கருவி 148 மில்லிமீற்றர் உயரமும் 90 மில்லிமீற்றர் அகலமும் உடையது. கூட்டைப் பிணைப்பவை மூன்று சிறகுத் தலையுடைய திருகாணிகள். அவற்றுக்கேற்ற திருப்புளி தேடவே ஒரு மாலை கழிந்தது.

முதலிற் பலாப்பலகையைக் குடைந்தேன். நிறம் அழகுதான், ஆயின் சுவரை 2 மில்லிமீற்றருக்கு மெலித்ததும் இழையோட்டத்திற் பிளந்தது. பின்னர் பிளாஸ்ரிக்கில் அச்சிட்டேன். ஆறுகையில் அது சுருங்கவே, பொத்தான்கள் துளைகளில் இறுகின. துளைகளை அரை மில்லிமீற்றர் பெருப்பித்து மீண்டும் அச்சிட்டேன்.

பின்புறத்தையும் புதிதாக்க அளந்தபோதுதான் கை தயங்கிற்று. தமையனாரின் விரல்கள் ஊன்றிய இடம் தேய்ந்து மழமழத்திருந்தது. அத்தேய்வை வேணியர் இடுக்கிமானி காட்டவில்லை. என் விரல் உடனே கண்டது. புதிய முன்புறத்தைப் பழைய முதுகோடு பொருத்தினேன். நிறம் ஒவ்வவில்லை.

“முகத்தை மாத்திப்போட்டாய், அவன் வந்தால் ஏசுவான்” என்றார் அம்மா.

ஏசவேனும் வரட்டும் என்றேன்.